அவன், அவள், அவுக

பெரியார் நிலையத்திலிருந்து அனுப்பானடி போகும் டவுன் பஸ். முகப்பில் ரோஸ் அடித்த வண்டி. அப்பத்தா சன்னலோரம், நடுவில் நான், ஓரத்தில் அக்கா மகன். கீழவாசலில் ஒரு திருநங்கை ஏறினார். தோளில் பை, கையில் டிபன் கேரியர், கழுத்தில் ஏதோ அலுவலக அடையாள அட்டை. கண்டக்டர் பெண்களுக்குக் கொடுப்பதுபோலவே அவருக்கும் கட்டணமில்லாத சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் நகர்ந்தார். உட்கார இடமில்லை.

“எந்திரிடா. அவுக கேரியரோட நிக்கிறாக பாரு,” என்றார் அப்பத்தா.

பையன் எழுந்தான். “பரவால்ல பாட்டி, நான் அடுத்த ஸ்டாப்புதான்,” என்று அவர் சொல்லிப் பார்த்தார். அப்பத்தாவிடம் அதெல்லாம் செல்லுபடியாகாது. உட்கார்ந்தார்.

தெப்பக்குளத்தில் இறங்கி, அப்பத்தாவைச் சுவரோரம் நிழலில் உட்கார வைத்துக் கையில் சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்த பிறகு மருமகன் மெதுவாக ஆரம்பித்தான். “மாமா, அப்பத்தா பட்டுன்னு ‘அவுக’ன்னு சொல்லிருச்சு. காலேஜ்ல நாங்க அவனா அவளான்னு முழிச்சுக்கிட்டு நிப்போம். இந்த எல்.ஜி.பி.டி.க்யூன்னு சொல்றாய்ங்கல்ல, அதுல இவுக எந்த எழுத்து? அவுகளால நாட்டுக்கு என்ன ஆச்சு, எதுக்கு இம்புட்டுப் பேச்சுன்னு ஒருத்தன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். தெப்பக்குளச் சுவரில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எழுத்துகள். அவற்றை வரிசையாக மனப்பாடம் பண்ணினால் நாளைக்கே மறந்துவிடும். அதைவிட மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்வது சுலபம். ஒருவர் பிறந்தபோது அவர் உடம்பு எப்படி இருந்தது? வளர்ந்து தன்னை அறிகிற வயதில் தன்னை யாராக உணர்கிறார்? அவர் மனம் யார்மேல் போகிறது? நம்மில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் ஒரே திசையில் ஓடுவதால் இவை மூன்று தனித்தனிக் கேள்விகள் என்பதே தோன்றுவதில்லை.

பஸ்ஸில் வந்தவர் இரண்டாவது கேள்விக்காரர். பிறந்தபோது ஆண் என்று பதிந்திருப்பார்கள், அவர் தன்னைப் பெண்ணாக அறிந்திருக்கிறார். திருநங்கை. இதன் மறுபக்கம் திருநம்பி: பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக அறிந்தவர். இரு தரப்பையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். ‘டி’ என்ற எழுத்து இவர்களைக் குறிக்கிறது. திருநங்கைகளை ஊரறியும், திருநம்பிகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவர் வீட்டைத் தாண்டி வெளியே வந்து நிற்பதே பெரும்பாடு என்பது அதற்கு ஒரு காரணம்.

‘எல்’, ‘ஜி’, ‘பி’ மூன்றும் மூன்றாவது கேள்வியைச் சேர்ந்தவை. பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், இரு பாலினர் மேலும் ஈர்ப்பு வரக்கூடியவர். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்ற சொற்கள் இப்போது பத்திரிகைகளிலும் புழங்குகின்றன. இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஆணை விரும்புகிற ஆண் என்றதும், “அப்ப அவரு திருநங்கையா?” என்பார்கள். இல்லை. அவர் தன்னை ஆணாகவே உணர்கிறார்; மீசை முறுக்கி, புல்லட் ஓட்டி, ஜல்லிக்கட்டுக்கு மாடு பிடிக்கப் போகிறவராகக்கூட இருக்கலாம். அவர் மனம் போகிற இடம் வேறு, அவ்வளவே.

மிஞ்சியது முதல் கேள்வி. சில குழந்தைகள் பிறக்கும்போதே உடலமைப்பு, குரோமோசோம், ஹார்மோன் இவற்றில் ஏதோ ஒன்று ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் சரியாக அடங்காது. இவர்களை ஊடுபாலினர் என்கிறோம். சிலருக்குத் தங்கள் உடம்பு அப்படிப்பட்டது என்பது பெரியவராகும்வரை தெரியாமலே இருக்கும். எல்.ஜி.பி.டி.க்யூவோடு ‘ஐ’ சேர்த்து எழுதுவது இவர்களுக்காக. கடைசியில் நிற்கும் ‘க்யூ’ ஒரு குடை; ஆண்பெண் வழக்கத்துக்குள் அடங்காத எல்லாரும் அதன்கீழ் நிற்கலாம். தமிழில் பால்புதுமையினர் என்கிறோம். நல்ல சொல்.

இதில் எதுவும் நோய் கிடையாது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990இல். திருநராக இருப்பதை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுக்க 2019 ஆனது.

இன்னொரு கேள்வியும் நம் ஊரில் குறுக்கே வந்து குட்டையைக் குழப்பும்: வேடம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்று பையன்களை வைத்தே ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். பெண் வேடமும் பையன்களே கட்டினார்கள். ஸ்திரீபார்ட் என்றால் ஒரு காலத்தில் கம்பெனியின் முதுகெலும்பு. அந்தக் கம்பெனியில் வளர்ந்த டி.கே. சண்முகம் பிற்காலத்தில் கிழவி வேடம் கட்டி ‘அவ்வை’ சண்முகமே ஆகிவிட்டார். அவர்களை யாரும் திருநங்கை என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அரிதாரத்தை அழித்ததும் முடிந்துபோவது வேடம். ஒரு திருநங்கை கட்டியிருக்கும் சேலையை வேடம் என்று நினைக்கிறவருக்கு இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டாலே போதும். அந்தக் காலத்து மேடையில் பெண் வேடம் கட்டினால்தான் மூச்சுவிட முடிந்தவர்களும் ஒன்றிரண்டு பேர் இருந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். தோன்றுவதோடு சரி, பெயர் சொல்ல நமக்கு உரிமையில்லை.

“அப்பத்தா மட்டும் எப்படி மாமா யோசிக்காம சொல்லுச்சு?”

அப்பத்தாவுக்கு இலக்கணம் துணை. தமிழில் அவன் உண்டு, அவள் உண்டு, இரண்டுக்கும் மேலே அவர் உண்டு. பேச்சில் அவுக, அவங்க. மரியாதைக்காக வந்த இந்தச் சொல்லுக்கு ஆண்பெண் பேதமே கிடையாது. ஆங்கிலத்தில் ஒருவரைப் பன்மைச் சொல்லான ‘தே’ (they) என்று சொல்லலாமா கூடாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தலைவலியே இல்லை. தெரியாத ஆளைக் கண்டால் ‘அவர்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் சுவாரசியம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ என்று ஒரு பேச்சு வருகிறது. ஆணாகப் பிறந்து ஆண்மையிலிருந்து விலகியவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு வினைமுற்று எப்படி வரும் என்பது கேள்வி. அவர்களுக்கென்று தனி விகுதி இல்லை. உயர்திணை விகுதிதான் வரும் என்கிறார் தொல்காப்பியர். அதே நூற்பாவில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது யார் தெரியுமா? தெய்வம். தெய்வத்துக்கும் தனி விகுதி கிடையாது, அதற்கும் உயர்திணைதான். மனிதர் பக்கமா மற்றவை பக்கமா என்ற கேள்விக்கு மனிதர் பக்கம் என்று அன்றைக்கே பதில் எழுதியாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் வருகிறது. பேடு என்ற பழஞ்சொல்லால் குறிப்பிட்டவர்களுக்கு விதி சொல்லிக்கொண்டே வந்த பவணந்தி, கடைசியில் அவர்களைக் குறிக்கும் பெயர்கள் ‘அஃறிணை அன்னவும் ஆகும்’ என்று ஒரு வால் சேர்க்கிறார். உயர்திணையாகச் சொல்லலாம், அஃறிணை போலவும் சொல்லலாம். அவராக இட்டுக்கட்டியிருக்க மாட்டார். ஊரில் பேசிக்கொண்டதைப் பார்த்து எழுதியிருப்பார். இடையில் என்ன நடந்தது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் தெருவில் ஒருவரை ‘அது வருது பாரு’ என்று சொல்கிற வாய், அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வந்த வாய்தான்.

நான் படித்த பள்ளியில் எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு ‘ஒன்பது’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். நடை கொஞ்சம் ஒயிலாக இருக்கும், அவ்வளவுதான். வருகைப் பதிவில் அவனுடைய எண் இருபத்தேழு. வாத்தியார் ஒன்பது என்று யாரையோ கூப்பிட்டாலும் வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நானும் சிரித்தேன். பதினொன்றாம் வகுப்பு பாதியில் அவன் வருவது நின்றது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இனி அடுத்த கேள்வி. இவர்களால் என்ன ஆயிற்று?

மதுரைக்காரனுக்குப் பதில் பஸ் போன திசையிலேயே இருக்கிறது. அனுப்பானடியில் பிறந்தவர் நர்த்தகி நடராஜ். பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கை அவர்தான்; அது 2019இல். சிறுவயதில் சினிமாவில் வைஜயந்திமாலாவின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஆடப் பழகியவர். கூடவே சக்தி என்றொரு தோழி, அவரும் திருநங்கை. வீட்டிலும் தெருவிலும் இடமில்லை என்றான பிறகு இருவரும் குருவைத் தேடிப் போனார்கள். வைஜயந்திமாலாவுக்குச் சொல்லிக்கொடுத்த தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளையிடமே போய்ச் சேர்ந்தார்கள். அவர் யார் என்றால், பரதநாட்டியத்தின் இன்றைய கச்சேரி வரிசையை அமைத்துக் கொடுத்த தஞ்சை நால்வரின் பரம்பரை. எடுத்த எடுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை, காத்திருக்க வைத்தார். பிறகு பல ஆண்டுகள் கூடவே வைத்துக் கற்றுக்கொடுத்தார். நர்த்தகி என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

அவருக்குக் கைவந்தது நாயகி பாவம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இறைவனை நாயகனாகவும் தன்னை நாயகியாகவும் வைத்துப் பாடுவது நம் பக்தி மரபில் பழையது. நம்மாழ்வார் ஆண், பாடும்போது பராங்குச நாயகி ஆகிவிடுவார். திருமங்கை மன்னன், ஒரு காலத்தில் வாளேந்திய ஆள், பரகால நாயகி ஆகித் தலைவனுக்காகக் கண்ணீர் விடுவார். உடனே ஆழ்வார்களுக்கெல்லாம் இன்றைய பெயர் வைக்கக் கிளம்பிவிடக் கூடாது. அது பக்தியின் மொழி. ஆனால், ஆணுடல் என்று ஊர் சொன்ன ஒன்றுக்குள் பெண்ணாக வாழ்ந்து தவித்த ஒருவர் அந்தப் பாசுரத்தை எடுத்து ஆடும்போது, பாவம் பிடிக்க அவர் வேறெங்கும் போக வேண்டியிருக்காது. சாகித்தியத்துக்கு அபிநயம் பிடிப்பதற்கும் சாகித்தியமாகவே நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் பரதம் தெரியாத எனக்கே புரிகிறது.

கலைமாமணி, சங்கீத நாடக அகாடமி புரஸ்கார் என்று விருதுகள் இருக்கட்டும். 2021இல் தமிழக அரசு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் அவரை உறுப்பினராக்கியது. கோயில் விழாவில் ஆடிவிட்டுப் போகட்டும் என்று ஒதுக்கி வைத்த கூட்டத்திலிருந்து ஒருவர், மாநிலத்தின் திட்டங்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் மேசைக்கு வந்தார்.

“எல்லாம் டான்ஸ்தானா மாமா?”

அங்கேதான் நம் பார்வையின் கோளாறு. மேடையில் தெரிகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு இவர்களுக்கு ஆட்டமும் கும்மியும்தான் வரும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருமகன் இசிஇ மூன்றாம் ஆண்டு. அவனிடம் கேட்டேன்: “வி.எல்.எஸ்.ஐ. பேப்பர் இருக்கா?”

“இருக்கு. அரியரே இருக்கு.”

லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒரு சில்லுக்குள் அடுக்கும் அந்த வி.எல்.எஸ்.ஐ. வடிவமைப்பை, சில தொழிற்சாலை வல்லுநர்களின் கைரகசியமாக இருந்ததிலிருந்து கல்லூரிப் பாடமாக மாற்றியவர்கள் கார்வர் மீடும் லின் கான்வேயும். 1980இல் அவர்கள் எழுதிய பாடநூலை வைத்துத்தான் உலகம் முழுக்க மாணவர்கள் சில்லு வரையக் கற்றுக்கொண்டார்கள். லின் கான்வே ஒரு திருநங்கை. அதற்கு முன்பு அவர் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தார். தன் பாலினத்தை மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும் 1968இல் வேலையைவிட்டு நீக்கினார்கள். பெயரை மாற்றி, பழைய சாதனைகள் எதையும் சொல்லிக்கொள்ள முடியாமல், அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து. 2024இல் கான்வே காலமானார்.

கணினியின் அடிப்படைக் கணக்கையே போட்டுக் கொடுத்த ஆலன் டூரிங்கின் கதை இதைவிடக் கொடியது. உலகப்போரில் எதிரியின் ரகசியக் குறியீட்டை உடைக்க உதவியவரை, ஆணை விரும்பிய குற்றத்துக்காக 1952இல் தண்டித்தார்கள். இரண்டு ஆண்டில் இறந்துபோனார். 2021இல் அவர் முகத்தை ஐம்பது பவுண்டு நோட்டில் அச்சடித்தார்கள்.

கவிதைக்கு வந்தால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பாரதி 1904இல் சில மாதம் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தார். பிற்காலத்தில் வசன கவிதை எழுதப் புகுந்தவர், அமெரிக்கக் கவி வால்ட் விட்மனைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். விட்மன் ஆண்களை நேசித்தவர் என்று பல அறிஞர்கள் அவர் கவிதைகளை வைத்துச் சொல்கிறார்கள். அவர் தன் வாயால் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பட்டியலில் சேர்த்து மார்தட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தானாகச் சொன்னவர்களே போதுமான அளவு இருக்கிறார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் தமிழிலேயே எழுத வந்தபோது நம் இலக்கியத்துக்குள் ஒரு புது அறை திறந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் வந்தது; அதை வைத்துக் கன்னடத்தில் எடுத்த படம் தேசிய விருது வாங்கியது. அதுவரை திருநங்கைகளைப் பற்றிப் பெரும்பாலும் மற்றவர்களே எழுதினார்கள், சினிமாவில் கைதட்டிச் சிரிக்க வைத்தார்கள். இப்போது அவர்களே பேனாவை எடுத்தார்கள். மதுரையில் பிரியா பாபு, நாவல் எழுதியதோடு நிற்காமல், திருநங்கையரைப் பற்றிய நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்து ஒரு ஆவண மையமே நடத்துகிறார். ஒரு சமூகம் தன் காகிதங்களைத் தானே பத்திரப்படுத்தத் தொடங்குவது சின்ன விஷயமில்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விழாக்களைச் சொல்லாமல் மதுரையைப் பற்றி எழுத முடியாது. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவார். மறுநாள் ராத்திரி வைகை வடகரையில் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். ஒவ்வொரு கோலமாக மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் பொழுது புலரும்போது கள்ளழகர் மோகினியாக நிற்பார். கூட்டத்தோடு கூட்டமாக அப்பத்தாவும் பலமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அதே பௌர்ணமியை ஒட்டித்தான் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் திருநங்கைகள் கூடுகிறார்கள். களப்பலிக்குப் போகுமுன் அரவானை மணந்துகொள்ள யாரும் முன்வராதபோது, கண்ணன் மோகினியாகி ஓரிரவு மனைவியானான் என்பது அங்கே கதை. பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைச் சேலையோடு ஊர் திரும்புவார்கள். வைகைக் கரையில் மோகினிக்குத் தீபாராதனை. கூவாகத்தில் மோகினியின் பெயரால் தாலி. இரண்டும் ஒரே நிலாவின் கீழ். அந்த அரவானை வைத்துத்தான் ‘அரவாணி’ என்ற சொல் வந்தது. பிறகு கலைஞர் ஆட்சிக் காலத்தில் ‘திருநங்கை’ அரசின் சொல்லாக நிலைத்தது. 2008 ஏப்ரல் 15இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. இந்தியாவிலேயே முதல் வாரியம் அது. அந்தத் தேதிதான் இப்போது திருநங்கையர் தினம். தற்செயலாக, தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே ஏப்ரல் 15.

ஆனால் பொதுவாழ்வுக்கு இவர்கள் கொடுத்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது மேடையிலோ விழாவிலோ நடக்கவில்லை. மேலூர் ரோட்டில், ஒத்தக்கடைக்கு முன்னால் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில் நடந்தது.

தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்று போட்டிருக்கிறதே, இவர் எப்படி மணமகள் ஆவார் என்பது கேள்வி. வழக்கு மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்: மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், திருமணத்தைப் பதிய வேண்டும். அவர் அதோடு நிறுத்தவில்லை. ஊடுபால் குழந்தைகளுக்கு, அவர்கள் வாய்திறந்து சொல்லும் வயது வரும் முன்பே, ஆணாகவோ பெண்ணாகவோ ‘சரிசெய்ய’ அறுவை செய்வதைத் தடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது: உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, குழந்தைகளுக்கு அந்த அறுவை கூடாது. இந்தியாவில் அப்படித் தடை போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு.

இது ஏன் முக்கியம் என்றால், ஊடுபாலினரைப் பற்றி ஊரில் பேச்சே கிடையாது. புதுக்கோட்டைக்காரரான சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண், தன் உடம்பைப் பற்றித் தொலைக்காட்சி பேசுவதைக் கேட்க வேண்டிவந்தது. இந்த மௌனத்தை உடைக்க வந்தவர்களில் மதுரையின் கோபி சங்கர் ஒருவர். தன்னை ஊடுபாலினர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் தொடங்கிய சிருஷ்டி மதுரை அமைப்பு 2012 ஜூலையில் இங்கே பால்புதுமையினர் பேரணி நடத்தியது. 2016இல் மதுரை வடக்குத் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். அதற்கு முன்பே 2014 நாடாளுமன்றத் தேர்தலில் மதுரையில் சுயேச்சையாக நின்றவர் திருநங்கை பாரதி கண்ணம்மா. இருவரும் ஜெயிக்கவில்லை. ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போனார்கள். கதவைத் திறந்தவர்கள் ஒரு நோட்டீஸை வாங்கியாவது வைத்தார்கள். 2022இல் வேலூர் மாநகராட்சியில் கங்கா என்ற திருநங்கை கவுன்சிலராகவே ஜெயித்துவிட்டார்.

இன்னொரு வழக்கு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டு இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை எடுத்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம். எனக்கே இதைப் பற்றிச் சரியாகத் தெரியாது, முதலில் நான் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7இல் உத்தரவு வந்தது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகள் கூடாது. ஒப்புதலோடு சேர்ந்து வாழும் வயதுவந்தவர்களைக் காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது. பாடத்திட்டம் திருந்த வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று 2022இல் அறிவித்தது. பத்திரிகைகள் இவர்களை எந்தச் சொல்லால் எழுதுவது என்ற கேள்வியும் எழுந்து, 2022 ஆகஸ்டில் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

யோசித்துப் பாருங்கள். நிம்மதியாக ஒரு வீட்டில் வாழ விட்டால் போதும் என்றுதான் அந்தப் பெண்கள் போய்க் கேட்டார்கள். அவர்கள் பாடகியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பேர் வெளியே தெரியாமல் இருந்தாலே போதும் என்று நினைத்தவர்கள். அவர்களால் டாக்டர்களுக்கு ஒரு விதி வந்தது, போலீசுக்கு ஒரு விதி வந்தது, பத்திரிகைக்குச் சொற்கள் வந்தன. இந்தக் கட்டுரையில் நான் தயங்காமல் எழுதும் சொற்கள் பலவும் அப்படி யாரோ வழக்காடியும் சண்டைபோட்டும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவைதான். மருமகனின் நண்பன் ‘என்ன ஆச்சு’ என்று கேட்டானே, இதையும் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு என்றதும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் தவிர ‘மற்றவர்’ என்று பதிந்தவர்கள் இந்தியாவில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். வீட்டு வாசலில் நின்று, அப்பா அம்மா பக்கத்தில் இருக்க, கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லத் துணிந்தவர்களின் எண்ணிக்கை இது. மூன்றாவது கேள்விக்காரர்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. தன்பாலின உறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் கீழ் குற்றம் என்ற நிலை முடிந்தது 2018 செப்டம்பர் 6இல்தான். ஒரே பாலினத்தவர் கல்யாணத்தைச் சட்டம் இன்றும் ஏற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் அது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகாட்டிவிட்டது.

நடைமுறைக்கு இரண்டு வார்த்தை. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயரைக் கேளுங்கள், அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். பழைய பெயர் என்ன, ஆபரேஷன் முடிந்ததா என்பதெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் யாரும் கேட்கிற கேள்விகளா? உங்களிடம் ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால், அது உங்களுக்குச் சொன்னது. வாட்ஸ்அப் குழுவுக்குச் சொன்னதில்லை.

சுண்டல் பொட்டலம் காலியாகியிருந்தது. அப்பத்தா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, “இம்புட்டு நேரமா என்னடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்றார்.

“பஸ்ஸுல வந்தாகல்ல அப்பத்தா, அவுகளப் பத்தித்தான்,” என்றான் மருமகன்.

“அவுகளா? மீன்வளத் துறை ஆபீசுல டைப் அடிக்கிறாகளாம். எறங்கும்போது சொன்னாக. கொழம்பு மணமா இருந்துச்சேன்னு கேட்டேன், அயிரை மீனாம்.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பும் வண்டிக்காக நிற்கும்போது அவன் கேட்டான்: “மாமா, அந்த ஆவண மையத்துல லின் கான்வே புத்தகம் இருக்குமா? அரியருக்கு ஆகும்.”